பில் கட்டும் பேரமும்

தாராசுரம் மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்க நம்மில் யாருக்கும் கூச்சம் கிடையாது. பாத்திரக் கடையில் குத்துவிளக்கு வாங்கப் போனால் முக்கால் மணி நேரம் பேசித்தான் விலை படியும். அதே நாம், வீட்டு இண்டர்நெட் பில் திடீரென்று 180 ரூபாய் ஏறி வந்தால், இரண்டு நாள் புலம்பிவிட்டு மூன்றாம் நாள் கட்டிவிடுகிறோம். இது ஏன் என்று சமீபத்தில் யோசித்துப் பார்த்தேன். காரணம் நம் சுபாவத்தில் இல்லை, சரித்திரத்தில் இருக்கிறது என்று தோன்றியது.

கூட்டுறவுச் சங்கக் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். தணிக்கைக்குப் பயந்து பழகியதால் ஒரு ரசீதையும் தூக்கிப் போட்டதில்லை. 1994 முதல் என் வீட்டுத் தொலைபேசி, இண்டர்நெட் பில்கள் எல்லாம் சணல் கட்டி பரணில் இருக்கின்றன. வீட்டுக்காரி அதை "குப்பை" என்பாள். நான் "ஆவணம்" என்பேன்.

நம் தலைமுறைக்கு ஃபோன் என்றால் அரசாங்கம். டிரங்க் கால் காலத்தை நினைத்துப் பாருங்கள். சாதாரண கால், அவசர கால், மின்னல் கால் என்று மூன்று வகை. அவசரத்துக்கு இரட்டைக் கட்டணம், மின்னலுக்கு அதற்கும் பல மடங்கு. சாவுச் செய்தி சொல்லவே மின்னல் கால் போட யோசித்த குடும்பங்கள் உண்டு. 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதல் எஸ்.டி.டி. வந்தது. நம் பக்கத்துத் தெருவில் மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி. பூத் வர அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஆயிற்று. இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதற்காக, தூக்கக் கண்ணோடு பூத் வாசலில் வரிசையில் நின்று, மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தபடியே பேசினோம். அந்த மீட்டரோடு யாரும் பேரம் பேசியதில்லை. கட்டணம் டெல்லியில் முடிவாகும், பேப்பரில் வரும், நாம் கட்டுவோம். வீட்டுக்கு இணைப்பு வேண்டும் என்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சீக்கிரம் வேண்டும் என்றால் ஓ.ஒய்.டி. திட்டத்தில் ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்ட வேண்டும். கிடைத்ததே பாக்கியம் என்றிருந்த பொருளுக்கு விலை குறைத்துக் கேட்பது எங்கே?

என் கட்டின் அடியில் இருக்கும் பில்லுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. 1994 ஜூலையில்தான் மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்தபோது சேவை வரி என்ற ஒன்று முதன்முதலாக வந்தது. தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு ஆகிய மூன்றுக்கு மட்டும் 5 சதவீதம். கட்டை மேல்நோக்கிப் புரட்டினால் அந்த 5, 2003-இல் 8 ஆகிறது, 2004-இல் 10, 2006-இல் 12. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது 18. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிற தொகையில் இந்தப் பதினெட்டு பெரும்பாலும் இருக்காது. 599 என்றால் கையிலிருந்து போவது 706 ரூபாய் 82 காசு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இண்டர்நெட் பொதுமக்களுக்கு வந்தது 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம் மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய ஊர்களில் தொடங்கியது. வெறும் எழுத்து மட்டும் தெரியும் கணக்குக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். படத்தோடு பார்க்க வேண்டும் என்றால் 15,000. ஃபோன் கட்டணம் தனி. அன்றைய என் சம்பளத்துக்கு அது கல்யாணச் செலவு. 1998 கடைசியில் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகும் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி இணைப்புக் கிடைப்பதற்குள் காப்பி ஆறிவிடும். அந்த நேரத்தில் யாராவது ஃபோன் செய்தால் லைன் எங்கேஜ்டு.

2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றார்கள். இன்று அதில் ஒரு வாட்ஸ்அப் வீடியோகூட ஒழுங்காக ஓடாது. 2005-இல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தது. அதில் 500 ரூபாய்த் திட்டம் வாங்கியவர்களுக்கு இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை பதிவிறக்கத்துக்குக் கணக்கில்லை. அலாரம் வைத்து எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுப் படுத்த பையன்கள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர். பூத் வாசலில் பதினொரு மணிக்கு நின்ற அப்பாக்களின் பிள்ளைகள்தானே!

இதுவரை விலையை யாரோ சொல்ல, நாம் கட்டிய கதை. மாறியது எப்போது என்று கேட்டால் 2011 ஜனவரி 20 என்பேன். அன்றுதான் செல்ஃபோன் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுவதும் வந்தது. 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். "சார், ஏன் போகிறீர்கள்? உங்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது" என்று அடுத்த நாளே ஃபோன் வரும். நாம் விலகிப் போகலாம் என்ற நிலை வந்த பிறகுதான் நம் பேச்சுக்குக் காது கிடைத்தது.

பிறகு 2016 செப்டம்பரில் ஜியோ, 2019 செப்டம்பரில் அதன் ஃபைபர். 699-இல் தொடங்கியது மறுவருஷமே 399-க்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மற்றவர்களும் இறங்கினார்கள். ஆனால் இறங்கியது அப்படியே நிற்கவில்லை. 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகள் மூன்றும் அடுத்தடுத்து செல்ஃபோன் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆயிற்று. "அரசாங்கம் கேட்காதா?" என்று நம்மவர்கள் கேட்டார்கள். டிராய் இந்த விலைகளை நிர்ணயிப்பதில்லை. கம்பெனி விலையை வைத்துவிட்டு, 7 வேலை நாட்களுக்குள் டிராய்க்குத் தெரிவித்தால் போதும். அதனால் கேட்க வேண்டியது நாம்தான்.

சென்ற வருஷம் என் வீட்டு ஃபைபர் திட்டம் 599-லிருந்து 749 ஆனது. வரியோடு 883 ரூபாய் 82 காசு. வருஷத்துக்கு 2,124 ரூபாய் அதிகம். குடும்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் எதிர்வீட்டு மாமிக்கும் அதே கம்பெனி, அதே ஏற்றம். மகன் மஸ்கட்டில். தினமும் ராத்திரி எட்டரைக்குப் பேரனை வீடியோவில் பார்த்தால்தான் மாமிக்குச் சாப்பாடு இறங்கும். "லைனை எடுத்துடலாம்னு இருக்கேன், வாரத்துல ஒரு நாள் செல்லுல பாத்துக்கறேன்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் பேசியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொண்டேன். நாங்கள் மாதம் எவ்வளவு பயன்படுத்துகிறோம், அதே கம்பெனி புதிதாக வருகிறவர்களுக்கு என்ன விலை சொல்கிறது, எங்கள் தெருக் கம்பத்தில் வேறு யார் கேபிள் தொங்குகிறது. கடைசிக் கேள்விக்கு அண்ணாந்து பார்த்தாலே பதில் தெரிந்தது. வேறு இரண்டு பேர். புதியவர்களுக்கு 499-இல் 50 எம்.பி.பி.எஸ். இருந்தது. (டாக்டர் படிப்பு இல்லை, வேகம்.) எனக்குக் கொடுத்திருந்தது 100. வீடியோவில் பேசுவதற்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். பதினாறு ஓ.டி.டி. இலவசம் என்றாள். "அம்மா, எனக்குப் பதினாறும் வேண்டாம். நான் பார்ப்பது பழைய படம், அது யூடியூபில் இருக்கிறது. இணைப்பை எடுத்துவிட என்ன செய்ய வேண்டும், சொல்லு" என்றேன். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. பாத்திரக் கடையில் விளக்கைக் கீழே வைத்துவிட்டு செருப்பை மாட்டுவோமே, அதேதான். உடனே வேறொருவருக்கு மாற்றினார்கள். போகிறவர்களைப் பிடித்து வைப்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அவர்களிடம்தான் குறைக்கும் அதிகாரம். முதலில் 699 என்றார். பிறகு 649. புதியவர்களுக்கான 499 திட்டம் எனக்கு ஏன் கிடையாது என்று திரும்பத் திரும்ப அந்த ஒரு கேள்வியையே கேட்டேன். "மேலே கேட்டுச் சொல்கிறேன் சார்" என்றவர் மறுநாள் கூப்பிட்டார். 499, வரியோடு 588 ரூபாய் 82 காசு. ஒரு வருஷத்துக்கு மாறாது என்பதை மெயிலில் அனுப்பச் சொல்லி, புகார் எண்ணையும் வாங்கிக்கொண்டேன். பழைய பில்லைவிடக் குறைவு.

மாமிக்கு வேறு மாதிரி முடிந்தது. சீரியலுக்காக ஓ.டி.டி. வேண்டும் என்றார். ஆறு மாதம் முன்பணம் கட்டினால் பழைய 599-ஏ தொடரும் என்றார்கள். மஸ்கட்டிலிருந்து பணம் வந்தது. எட்டரை மணி தப்பியது.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். சாக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் நண்பர் நான் சொன்னபடியே பேசிப் பார்த்தார். அவர் தெருவில் ஒரே கேபிள். "எடுத்துக்கொள்ளுங்கள் சார்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் 749-தான் கட்டுகிறார். போட்டி இல்லாத இடத்தில் நம் சாமர்த்தியம் செல்லாது.

பேசியும் பில் தப்பாக வந்தால் ஒரு வழி இருக்கிறது. 2012-இல் டிராய் கொண்டுவந்த விதிப்படி, புகாருக்கு எண் தர வேண்டும். தீர்வு சரியில்லை என்றால் அதே கம்பெனிக்குள் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிக்க வேண்டும். கம்பெனியையே மாற்றுவதாக இருந்தால், அவர்கள் கொடுத்த மோடம் பெட்டியை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் வீட்டை விட்டு அனுப்பாதீர்கள்.

விலை குறைந்த பிறகு லைன் பார்க்க வந்த பையனிடம், "ஏம்பா, கேட்டால் குறைப்பீர்கள் என்று யாரும் சொல்வதில்லையே?" என்றேன். "ஐயா, கேக்கறவங்களே கம்மி. அதுலயும் பெரியவங்க கேக்கவே மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனான்.