பட்டியலில் விடுபட்ட எண்

293318625600. நம் வழக்கில் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கணிதமேதை இராமானுசனின் கண்ணுக்கே தப்பிய எண் இது.

எந்தப் பட்டியலில் விடுபட்டது என்று சொல்ல 12-இல் தொடங்க வேண்டும். 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. அடுத்து 24 எட்டுக் காரணிகளோடு வந்து அதை முந்துகிறது. இப்படித் தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்களை 'மிகுபகு எண்கள்' என்று சொல்லலாம். பகா எண்ணுக்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பவை.

1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறிய இராமானுசன், கேம்பிரிட்ஜில் இவற்றைத்தான் துருவிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே அவரது முதல் கட்டுரையை 1911-இல் வெளியிட்டது இந்தியக் கணிதக் கழகத்தின் இதழ். அதன் ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார், நம் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர். அல்சூரில் குடியிருக்கும் எனக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்துவிடும்.

மிகுபகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரை 1915-இல் லண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததும் இதற்காகத்தான். அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு: 102 எண்கள், கடைசியாக 6746328388800. கணினி இல்லாத காலத்தில் செய்த வேலை. அந்த வரிசையில் 4800 காரணிகளுள்ள 240940299600-ஐ அடுத்து, 5376 காரணிகளுள்ள 321253732800 வந்துவிடுகிறது. நடுவில் 5040 காரணிகளோடு நின்றிருக்க வேண்டியது நம் எண். அது மட்டும்தான் அட்டவணையில் இல்லை.

5040 என்ற எண்ணிக்கையே ஒரு மிகுபகு எண் என்பதைக் கவனியுங்கள். தன் இலட்சிய நகரத்தில் எத்தனை குடிகள் இருக்க வேண்டும் என்று யோசித்த பிளேட்டோ, எத்தனை விதமாகவும் பங்கு போடலாம் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த எண் அது.

விடுபட்ட எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை வருகின்றன. 6, 4, 2, 2, 1, 1, 1, 1. கோயில் குளத்துப் படிகள் தண்ணீருக்கு இறங்குவது போல, ஓரிடத்திலும் மேலேறாமல் இறங்கும் வரிசை. எல்லா மிகுபகு எண்களும் இப்படித்தான் இறங்கும். கடைசிப் படி 1 ஆகத்தான் இருக்கும். விதிவிலக்கு இரண்டே இரண்டு: 4, 36. இராமானுசன் நிறுவிய இந்த முடிவு எனக்கு அவருடைய பெரிய சூத்திரங்களைவிடவும் பிடிக்கும். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும், ஆனால் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

எண் விடுபட்ட அந்த 1915 கட்டுரையும் முழுதாக அச்சேறவில்லை. லண்டன் கழகத்துக்குப் பண நெருக்கடி; பிற்பகுதி கையெழுத்தாகவே தங்கிவிட்டது. அவரது 'தொலைந்த நோட்டுப் புத்தக'த்தோடு சேர்ந்து 1988-இல் அதன் நகல் வெளிவந்தது. 1997-இல் பிரெஞ்சுக் கணிதர்கள் நிக்கோலாவும் ரோபேனும் குறிப்புரையோடு அதைப் பதிப்பித்தார்கள். அதற்குள் இராமானுசன் மறைந்து 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விடுபட்ட எண்ணைக் கையாலேயே பெருக்கிப் பார்த்தேன். 19-க்கு அடுத்த பகா எண் 23. அதோடு பெருக்கினால் என்ன வருகிறது என்ற ஆசை. இருபதால் பெருக்கியது ஒரு வரி, மூன்றால் பெருக்கியது அடுத்த வரி. கூட்டினேன். 6746328388800 வந்தது. அவரது அட்டவணையின் கடைசி எண்.