அதிசயப் புல்லும் பால் வற்றிய குதிரைகளும்

குதிரை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ரேஸ். இல்லாவிட்டால் பழைய படங்களில் எம்.ஜி.ஆர். வாளோடு ஏறி வரும் காட்சி. அந்தக் குதிரை என்ன தின்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றியதுதான், சரியாகச் சொன்னால் ஒரு புல்லைப் பற்றியது. பி.காம். படிக்கிறவனுக்குப் புல்லில் என்ன வேலை என்று கேட்பீர்கள். முழுக்கப் படித்துவிட்டு, இது புல் கதையா கணக்குப் புத்தகக் கதையா என்று நீங்களே சொல்லுங்கள்.

1931-ம் வருடம். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இ.என்.ஃபெர்கஸ் என்று ஒரு பேராசிரியர். மெனிஃபி கவுண்டி என்ற மலைப்பகுதியில் நடந்த சோளப்பாகுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தார். அங்கே ஆட்கள் ஒரு 'அதிசயப் புல்' பற்றிப் பேசிக்கொண்டார்கள். சூட்டர் என்பவருடைய பண்ணையில் செங்குத்தான மலைச்சரிவில் வளர்கிறது, குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கிறது என்றார்கள். ஃபெர்கஸ் நேரில் போய்ப் பார்த்து, கொஞ்சம் விதை வாங்கி வந்தார். அந்தப் புல்லின் பெயர் டால் ஃபெஸ்க்யூ. பூர்வீகம் ஐரோப்பா.

பன்னிரண்டு வருடச் சோதனைக்குப் பிறகு, 1943-ல் 'கென்டக்கி 31' என்ற பெயரில் அதை வெளியிட்டார்கள். 31 என்பது விதை கிடைத்த வருடம். அது வந்த நேரமும் நல்ல நேரம். வருடக்கணக்காகப் பருத்தி, புகையிலை, மக்காச்சோளம் என்று உழுது உழுது தென்மாநிலங்களில் மேல்மண் கரைந்து போயிருந்தது. அந்த வெறும் சரிவுகளைப் பிடித்து நிறுத்த ஒரு செடி தேவைப்பட்டது. கென்டக்கி 31 வறட்சியைத் தாங்கியது. மட்டமான மண்ணிலும் முளைத்தது. மாடு ஒட்ட மேய்ந்தாலும் மறுபடி துளிர்த்தது. விதையும் நிறைய கொடுத்தது. விவசாயிக்கு இதைவிட என்ன வேண்டும்? விதைத்தார்கள், விதைத்தார்கள், அப்படி விதைத்தார்கள். 1970-களில் சுமார் மூன்றரைக் கோடி ஏக்கரில் அந்தப் புல் நின்றது.

பிரச்சினையும் பின்னாலேயே வந்தது. இந்தப் புல்லை மேய்ந்த மாடுகளில் சிலவற்றுக்குக் குளிர்காலத்தில் பின்னங்கால் நொண்டியது. ரத்த ஓட்டம் குறைந்து குளம்பே கழன்று விழுந்ததும் உண்டு. கோடையிலோ உடம்பு சூடாகி, எடை ஏறாமல், நாள் முழுக்க நிழலையும் தண்ணீரையும் தேடி நின்றன. புல்லைச் சோதனைச்சாலையில் வைத்துப் பார்த்தால் புரதம் சரி, மாவுச்சத்து சரி. கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது, கல்லாவில் மட்டும் காசு குறைகிறது என்பார்களே, அந்த மாதிரி.

குதிரைக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. குதிரையின் சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். இந்தப் புல்லில் மேய்ந்த சினைக்குதிரைகளில் அது பன்னிரண்டு மாதத்தைத் தாண்டியும் இழுத்தது. உள்ளே குட்டி பெருத்துப் பிரசவம் சிக்கலானது. நஞ்சுக்கொடி தடித்து, கிழிய வேண்டிய நேரத்தில் கிழியாமல் குட்டிக்கு முன்னால் வெளியே வந்தது. குட்டி மூச்சு முட்டிச் செத்தது. தப்பிப் பிறந்த குட்டி எழுந்து நின்று மடியைத் தேடினால் மடி காலி. பால் சுரக்கவே இல்லை. குதிரைக்குட்டிக்கு வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி வந்து சேராது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் அது கிடைக்க வேண்டும். சீம்பால் இல்லையென்றால் அந்தக் குட்டிக்குக் கவசமே இல்லை. இத்தனைக்கும், அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் லெக்சிங்டன் நகரமே பந்தயக் குதிரை வளர்ப்புக்குப் பேர்போன ஊர்!

விடை 1977-ல் வந்தது. சார்லஸ் பேக்கன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஜார்ஜியா மாநிலத்தில், மாடுகள் நோய்ப்பட்ட வயலின் புல்லையும் நன்றாக இருந்த வயலின் புல்லையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோய்ப்பட்ட வயலின் புல்லுக்குள் ஒரு பூஞ்சை குடியிருந்தது. வெளியே ஒரு புள்ளி, ஒரு கறை கிடையாது. இலைக்கும் தண்டுக்கும் உள்ளேயே வாழ்ந்து, கதிர் வரும்போது விதைக்குள் ஏறிக்கொள்ளும். அந்தப் பூஞ்சை சுரக்கும் எர்கோவாலின் என்ற நச்சு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; பால் சுரக்கச் சொல்லும் புரோலாக்டின் ஹார்மோனை அடக்குகிறது. குளம்பு, மடி இரண்டுக்கும் ஒரே பதில்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. இந்தப் பூஞ்சை செடி விட்டுச் செடி தாவாது. விதை வழியாக மட்டுமே பரவும். அப்படியென்றால் மூன்றரைக் கோடி ஏக்கருக்கும் அதைக் கொண்டு சேர்த்தது காற்றும் மழையும் இல்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய விதை மூட்டை.

வழி தெரிந்துவிட்டதே, பூஞ்சை இல்லாத விதையை விற்றால் முடிந்தது என்று 1980-களின் தொடக்கத்தில் அதையும் செய்தார்கள். விதையைப் பழையதாக்கினாலே பூஞ்சை செத்துவிடும். விவசாயிகள் வாங்கி விதைத்தார்கள். மாடு தேறியது, குதிரைக்குப் பால் வந்தது. ஆனால் சில கோடைகளிலேயே பல வயல்களில் புல் காணாமல் போனது! வறட்சியைத் தாங்கவும் பூச்சியை விரட்டவும் புல்லுக்குக் கைகொடுத்தது அதே பூஞ்சைதான். பழைய புல்லை எப்படி வேண்டுமானாலும் மேய்க்கலாம். புதுப் புல் அந்த முரட்டு மேய்ச்சலைத் தாங்கவில்லை. விவசாயி விதையை மாற்றினார், பழக்கத்தை மாற்றவில்லை.

புதிதாக விதைத்த நிலத்தில் குதிரையை அவிழ்த்து விடுவது ஏன் தனிக் கலை என்பது இங்கேதான் புரியும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, நாக்கால் சுருட்டி இழுத்துத்தான் மேயும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு. தரையோடு தரையாக நறுக்கிவிடும். பிடித்த இடத்தையே திரும்பத் திரும்ப மேயும். நடுத்தரக் குதிரையே ஏறக்குறைய 500 கிலோ எடை. ஈர மண்ணில் அது ஓடித் திரும்பினால் இளம் வேர் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் விதைத்த வயலை மாதக்கணக்கில் சும்மா விடச் சொல்கிறார்கள். குதிரைக்கு ஒரு வருடம் வரை பொறுத்தால் இன்னும் நல்லது. இடையில் இரண்டு மூன்று முறை இயந்திரத்தால் மட்டும் வெட்டினால் புல் பக்கவாட்டில் தூர் கட்டும். சோதிப்பது சுலபம்: ஒரு கொத்தைக் கையில் பிடித்து இழுக்க வேண்டும். இலை அறுந்து வந்தால் தயார். வேரோடு வந்தால் பொறுக்க வேண்டும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறையாத உயரம் வந்த பிறகு, மண் காய்ந்த நாளில், முதலில் சில மணி நேரம் மட்டும் விடலாம். நான்கு விரற்கடைக்கு இறங்கும் முன்பே வெளியே ஓட்டிவிட வேண்டும். மழை நாளில் நிற்பதற்கென்று தனியாக ஒரு பட்டியை ஒதுக்கி வைப்பார்கள். அந்த மண் நாசமானாலும் பரவாயில்லை, மற்ற வயல் பிழைக்கும்.

பழைய ஃபெஸ்க்யூ வயலிலிருந்து குதிரையை நேராகப் புது வயலுக்கு ஓட்டக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. வயிற்றில் இருக்கும் பழைய விதை சாணத்தோடு விழுந்து முளைத்துவிடும். இரண்டு மூன்று நாள் வேறு தீவனம் போட்டுக் கட்டி வைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். பழைய புல்லை ஒழிக்கவும் ஒரு முறை இருக்கிறது. களைக்கொல்லி தெளித்து, இடையில் வேறு பயிர் போட்டு மூடி, மறுபடி தெளித்து, பிறகுதான் புது விதை. அந்த இடைப்பயிர்களில் ஒன்று, நம்ம ஊர் கம்பு!

2000-ல் மூன்றாவது வழி பிறந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகமும் நியூசிலாந்தின் அக்ரிசர்ச் நிறுவனமும் சேர்ந்து, புல்லைக் காப்பாற்றும் ஆனால் எர்கோவாலின் சுரக்காத பூஞ்சை வகையைக் கண்டெடுத்து, ஃபெஸ்க்யூவுக்குள் குடியேற்றி விற்பனைக்குக் கொண்டுவந்தன. பெயர் மேக்ஸ்க்யூ. சினைக்குதிரைகளுக்கென்று டோம்பெரிடோன் என்ற மருந்துக்கு 2010-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆனாலும் இன்றைக்கும் கென்டக்கி 31 ஏராளமான நிலத்தில் நிற்கிறது. ஆகவே குட்டி போடுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சினைக்குதிரையை அந்த வயலிலிருந்து அகற்றிவிடு என்ற எளிய அறிவுரைதான் முதல் மருந்து.

இனி கணக்கு. இந்தப் புல்லால் மாட்டுத் தொழிலுக்கு மட்டும் வருடத்துக்கு 60 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று 1993-ல் மதிப்பிட்டார்கள். அந்தப் பக்கம், அது பிடித்து நிறுத்திய மண்ணுக்கு யாரும் விலை போடவில்லை. ஃபெர்கஸைக் குறை சொல்லவும் முடியாது. ஏக்கருக்கு எவ்வளவு புல், எத்தனை மாதம் பச்சை என்று அன்றைக்கு அளக்க முடிந்ததையெல்லாம் அவர் அளந்தார். அளக்காமல் விட்டது குட்டி போட்ட குதிரையின் மடியை. பேரேட்டில் தலைப்பு இல்லாத செலவு எந்த ஐந்தொகையிலும் தெரியாது. ஆனால் யாரோ ஒருவர் அதைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்.

இன்னொன்று. விதைத்த வயல் ஒரு மூலதனம். முளைத்ததுமே குதிரையை விட்டால் அது லாபத்தை மேய்வதில்லை, முதலை மேய்கிறது. லாபம் பார்க்கப் போய் முதலுக்கே மோசம் என்று நம் கடைவீதியில் சொல்வதை கென்டக்கிக்காரர்கள் எப்படிச் சொல்வார்களோ தெரியாது. ஆனால் அனுபவித்திருக்கிறார்கள்.