5.1 ஹோம் தியேட்டர் வாங்கியும் வசனம் புரியவில்லையா? கோளாறு எங்கே, சரிசெய்வது எப்படி?

பாட்டு வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. வசனம் வந்தால், "என்ன சொன்னான்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஹோம் தியேட்டர் வாங்கிய பல வீடுகளில் இதே புகார்தான். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய பெட்டி பழுதாகிவிட்டதோ என்று உடனே பயப்பட வேண்டாம். டிவிக்குப் பின்னால் இடம் மாறிச் சொருகிய ஒரு கேபிளோ, செட்டிங்ஸில் மாற்றாமல் விட்ட ஒரே ஒரு வரியோ இதற்குக் காரணமாக இருக்கலாம்.

5.1-ல் 5 எது, 1 எது?

முன்பக்கம் இடது, வலது, நடுவில் சென்டர், பின்பக்கம் இரண்டு சரவுண்ட். இந்த ஐந்தும் சேர்ந்து 5. 'தொம் தொம்' என்று அதிரும் சப்வூஃபர்தான் அந்த .1. படங்களில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கருக்குத்தான் போகும். எனவே வசனம் மட்டும் சரியாகக் கேட்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சென்டரைத்தான்.

டால்பி, டிடிஎஸ் முறைகளில் சுருக்கி வரும் ஒலியைப் பிரித்து, எந்த ஸ்பீக்கருக்கு எது என்று முடிவு செய்வது சரவுண்ட் பிராசஸர். வீடுகளில் பெரும்பாலும் பிராசஸரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் இருக்கும். அதைத்தான் ஏவி ரிசீவர் என்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அட்டைப்பெட்டியில் '5.1' என்று அச்சடித்திருப்பதெல்லாம் 5.1 ஆகிவிடாது. பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். புளூடூத், யுஎஸ்பி, ஆக்ஸ் மட்டும் இருந்து, எச்டிஎம்ஐயும் இல்லை, ஆப்டிகலும் இல்லை என்றால், டிவியில் இருந்து அதற்குக் கிடைக்கப்போவது வெறும் ஸ்டீரியோதான். அந்த இரண்டு சேனலையே ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். எத்தனை செட்டிங்ஸ் மாற்றினாலும் அதில் 5.1 வராது. பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கையும் நம்பாதீர்கள். 'ஆர்எம்எஸ் எவ்வளவு?' என்று கேட்டு வாங்குங்கள்.

எந்த எச்டிஎம்ஐ போர்ட்?

ஸ்மார்ட் டிவியில் மூன்று, நான்கு எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும். அதில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில்தான் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும். டிவியிலேயே இருக்கும் ஓடிடி ஆப்பில் படம் பார்க்கிறீர்கள் என்றால், ஒலி டிவியில் இருந்து ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் பாதை இந்த ஒரு போர்ட்டில்தான் இருக்கிறது. வேறு போர்ட்டில் சொருகினால் படம் தெரியும், ஒலி வராது.

ரிசீவர் பக்கமும் கவனம் தேவை. அங்கே 'இன்' என்று வரிசையாக இருப்பவை செட்டாப் பாக்ஸ், புளூரே பிளேயர், கேம் கன்சோலுக்கானவை. டிவிக்குப் போகும் கேபிளை 'எச்டிஎம்ஐ அவுட்' போர்ட்டில், அதிலும் ஏஆர்சி என்று குறித்திருப்பதில்தான் சொருக வேண்டும்.

ஏஆர்சி 2009-ல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. இஏஆர்சி 2017-ல் வெளியான எச்டிஎம்ஐ 2.1-ன் பகுதி. 'இஏஆர்சி இல்லையென்றால் அட்மாஸ் வராது, டிவியை மாற்றுங்கள்' என்று கடையில் சொன்னால் அவசரப்பட வேண்டாம். ஓடிடியில் வரும் டால்பி அட்மாஸ் சுருக்கிய வடிவில் வருவதால், டிவி ஆதரித்தால் சாதாரண ஏஆர்சியே அதைக் கடத்திவிடும். புளூரே டிஸ்கில் இருக்கும் டால்பி ட்ரூஎச்டி போன்ற முழுத்தர ஒலியை டிவி வழியாகக் கொண்டுவரத்தான் இஏஆர்சி தேவை. அந்த பிளேயரை நேராக ரிசீவரில் சொருகிவிட்டால் அதுவும் தேவையில்லை. ஏஆர்சியே இல்லாத பழைய டிவியா? ஆப்டிகல் கேபிள் போதும். 5.1 டால்பி டிஜிட்டல் வரும், அட்மாஸ் மட்டும் வராது.

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்

கேபிள் சரி. இப்போது டிவி செட்டிங்ஸுக்குப் போங்கள். முதலில் எச்டிஎம்ஐ சிஇசி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பல டிவிகளில் இது ஆஃபில் இருந்தால் ஏஆர்சி வேலை செய்யாது. இதையே சாம்சங் 'எனிநெட் பிளஸ்' என்றும், எல்ஜி 'சிம்ப்லிங்க்' என்றும், சோனி 'பிராவியா சிங்க்' என்றும் அழைக்கின்றன. ரிசீவர் மெனுவிலும் இதே சிஇசி, ஏஆர்சி இரண்டையும் ஆன் செய்ய வேண்டும்.

அடுத்து, சவுண்ட் மெனுவில் 'டிஜிட்டல் அவுட்புட்' என்ற வரியைத் தேடுங்கள். அது 'பிசிஎம்' என்று இருந்தால், ஏஆர்சியிலும் ஆப்டிகலிலும் டிவி 5.1 ஒலியை இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் அனுப்பும். 'ஆட்டோ', 'பாஸ் த்ரூ', 'பிட்ஸ்ட்ரீம்' என்று எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். இனி ரிசீவரின் டிஸ்பிளேயைப் பாருங்கள். 'டால்பி' என்று பெயர் ஓடினால் சரி. இன்னும் 'பிசிஎம்', 'ஸ்டீரியோ' என்றே நின்றால் ஆப் பக்கம் போங்கள். ஆடியோ மொழிப் பட்டியலில் '5.1' என்று போட்டிருக்கும் டிராக்கைத் தேர்வு செய்ய வேண்டும்.

எல்லாமே 5.1-ல் வருவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் ஸ்டீரியோதான். அப்போது ரிசீவர் ரிமோட்டில் 'டால்பி சரவுண்ட்' அல்லது 'நியூரல் எக்ஸ்' மோடு போடுங்கள். நடுவில் கேட்கும் பேச்சைப் பிரித்து சென்டருக்கு அனுப்பும். 'ஆல் சேனல் ஸ்டீரியோ' அப்படியல்ல, எல்லா ஸ்பீக்கரிலும் ஒன்றையே ஒலிக்கும். வீட்டு விசேஷத்துக்குப் பாட்டு போட அது நல்லது, படத்துக்கு வேண்டாம்.

வயரும் இடமும்

ஸ்பீக்கர் வயரைத் தொடுவதற்கு முன் பவர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டாலும் பாஸ் மெலிந்துபோகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. செம்பு இழை ஒன்று பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டால் ஷார்ட் ஆகும். ரிசீவர் 'புரொடெக்ட்' என்று காட்டி தானே அணைந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ரிசீவர் எத்தனை ஓம் ஸ்பீக்கரைத் தாங்கும் என்பது அதன் பின்பக்கத்தில் இருக்கும். அதைவிடக் குறைந்த ஓம் வேண்டாம்.

சென்டரை ஷோகேஸுக்குள் தள்ளி வைத்தால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருக்கும். விளிம்புவரை முன்னால் இழுத்து, காதைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்த்தி வையுங்கள். சரவுண்ட் இரண்டும் உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில், சற்றே பின்னால், 110 முதல் 120 டிகிரிக்குள் வர வேண்டும். நம் ஹால்களில் சோபா சுவரை ஒட்டித்தான் கிடக்கும், பின்னால் இடமே இருக்காது. பரவாயில்லை, பக்கச் சுவர்களில் காதுக்குச் சற்று மேலே மாட்டலாம். சப்வூஃபரை மூலையில் வைத்தால் பாஸ் கூடும், கூடவே குழறவும் செய்யும். அபார்ட்மெண்ட் என்றால் கீழ்வீட்டுக்காரரும் கதவைத் தட்டுவார்.

ரிசீவர் மேல் செட்டாப் பாக்ஸையோ துணியையோ வைக்காதீர்கள். சூடு போக வழி வேண்டும்.

ஃபேனை நிறுத்திவிட்டு மைக்கை எடுங்கள்

பல ரிசீவர்களுடன் ஒரு சின்ன மைக் தருவார்கள். பலர் அதைக் கவரோடு அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். டெனானில் 'ஆடிசி', யமஹாவில் 'ஒய்பிஏஓ' என்று பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு ஒலியை எழுப்பி, தூரத்தையும் அளவையும் ரிசீவரே கணக்குப் போட்டுக்கொள்ளும். நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகும் ஒலிக்கு ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி நொடி ஆகும். அருகில் இருக்கும் ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தினால்தான் எல்லா ஒலியும் ஒன்றாகக் காதுக்கு வரும்.

ஃபேன், ஏசி, மிக்ஸி எல்லாம் நிற்கட்டும். மைக்கை சோபா சாய்மானத்தில் வைக்காமல், கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்துங்கள். மைக் இல்லாத மாடலா? அளவு டேப்பால் தூரத்தை அளந்து, 'டெஸ்ட் டோன்' போட்டு எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவில் கேட்கும்படி நீங்களே வைக்கலாம்.

அளவு எடுத்த பிறகு சிறிய ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று பதிவாகியிருந்தால் 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கிப் பாருங்கள். மிகச் சின்ன ஸ்பீக்கருக்கு இன்னும் கூட்ட வேண்டியிருக்கும். வசனம் அப்போதும் மங்கலாக இருந்தால் மொத்த வால்யூமை ஏற்றாமல், சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். ராத்திரியில் பார்க்கும்போது 'நைட் மோடு' போட்டால் வெடிச்சத்தம் அடங்கும், பேச்சு மேலே வரும்.

எல்லாம் முடிந்தும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று போகிறதா? குரல் முந்தினால் ரிசீவரில் 'ஆடியோ டிலே'யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். குரல் பிந்தினால் டிலேயை 0-க்குக் கொண்டுவந்து, டிவியின் படத்தை 'கேம் மோடு'க்கு மாற்றாமல் வழக்கமான மோடிலேயே வைத்துப் பாருங்கள்.