பயணியின் வழக்கு, பயணியின் வழக்கறிஞர்: பினாங்கில் கார் விபத்து இழப்பீடு பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

கார் விபத்தில் காயம்பட்டவர்களில் சட்டத்தின் கண்ணில் வலுவான நிலையில் நிற்பவர் பயணி. ஸ்டீயரிங் அவர் கையில் இல்லை, பிரேக் அவர் காலடியில் இல்லை. எந்த ஓட்டுநர் பிழை செய்தார் என்று இரு தரப்பும் எவ்வளவு காலம் வாதாடினாலும், மோதலுக்குக் காரணம் பின்னிருக்கையில் இருந்தவர்தான் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இவ்வளவு வலுவான வழக்கும் வெறுங்கையோடு முடியக்கூடும். அதற்கான காரணங்கள் சாலையில் இல்லை. காப்புறுதி எடுக்கப்பட்ட விதத்திலும் வழக்கறிஞர் வந்து சேர்ந்த விதத்திலும் இருக்கின்றன.

பயணிக்கு வாய்த்த வழக்கறிஞர் எப்படிப்பட்டவர் என்பதை அவருடைய பெயர்ப்பலகை சொல்லாது. யார் யாரை எதிர்வாதிகளாகச் சேர்ப்பீர்கள், தீர்ப்புத் தொகையை எந்தக் காப்புறுதி கொடுக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கு அவர் தரும் பதில் சொல்லிவிடும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

எல்லையைப் பற்றி ஒரு குறிப்பு. மலேசியாவில் ஆலோசனை சொல்பவரும் நீதிமன்றத்தில் எழுந்து பேசுபவரும் ஒரே வகை வழக்கறிஞர். இங்கிலாந்தைப் போல இரு பிரிவு இல்லாததால் தேர்வும் ஒன்றுதான். 1948ஆம் ஆண்டின் கீழ்நிலை நீதிமன்றச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, மோட்டார் வாகன விபத்து வழக்குகளைத் தொகை வரம்பின்றி விசாரிக்கும் அதிகாரத்தை செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தருகிறது. பினாங்குத் தீவில் நடந்த பெரிய விபத்து வழக்கும் உயர் நீதிமன்றத்தில் தொடங்க வேண்டியதில்லை. 1807ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் நீதிமன்றம் பெற்ற ஊர் ஜோர்ஜ்டவுன். லெபோ லைட் நீதிமன்ற வட்டாரத்தில் வழக்கறிஞருக்குப் பஞ்சம் இல்லை. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை.

2. காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு வரி

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓட்டுவதை 90ஆம் பிரிவில் குற்றமாக்குகிறது. அந்தக் காப்புறுதி யாரையெல்லாம் உள்ளடக்க வேண்டும் என்பதை 91ஆம் பிரிவு வரையறுக்கிறது. அங்கேதான் பலருக்குத் தெரியாத விலக்கு ஒன்று உள்ளது. வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஏற்றப்படுபவர், வேலை ஒப்பந்தத்தின் பேரில் ஏற்றப்படுபவர் ஆகியோரைத் தவிர, வாகனத்துக்குள் இருக்கும் மற்றப் பயணிகளுக்குக் காப்பு எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனியார் கார்களுக்கான வழக்கமான பத்திரமும் இந்த இடைவெளியை அப்படியே விட்டுவைக்கிறது. அதை அடைக்க, பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்ற கூடுதல் காப்பைத் தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும். பத்திரத்தின் அட்டவணையில் அது 100 என்ற எண்ணுடைய இணைப்பாக இடம்பெறும். பக்கத்திலேயே 72 என்ற எண் இருந்தால் ஏமாந்துவிடக் கூடாது. அது பயணி செய்யும் கவனக்குறைவுக்கான காப்பு. கதவைப் பார்க்காமல் திறந்து மோட்டார் சைக்கிள்காரரை விழவைத்தால் உதவும். பயணிக்கே காயம்பட்டால் உதவாது.

இதன் விளைவு விசித்திரமானது. ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் மழையில் வழுக்கி மரத்தில் மோதிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓட்டியவர் கணவர், பக்கத்தில் மனைவி. கணவரின் கவனக்குறைவு தெளிவு. மனைவி வழக்கில் வெல்வார். ஆனால் பத்திரத்தில் 100 இல்லை என்றால் காப்புறுதி நிறுவனம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டியதில்லை. தீர்ப்புத் தொகை கணவரின் பையிலிருந்துதான் வர வேண்டும். அதே மனைவி அதே இடத்தில் கிராப் காரில் போயிருந்தால், கட்டணப் பயணி என்ற வகையில் கட்டாயக் காப்புக்குள் வந்திருப்பார். சொந்தக் காரைவிட அந்நியர் காரில் ஏறியவருக்குச் சட்டம் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது.

இரண்டு கார்கள் மோதிக்கொண்டால் நிலைமை மாறும். எதிர்க் காரின் காப்புறுதிக்குப் பயணி மூன்றாம் தரப்பு. அந்த ஓட்டுநர்மீது ஓரளவு பிழை நிலைநாட்டப்பட்டாலும் வழி திறக்கிறது. பிழையற்ற ஒருவருக்கு இருவர் சேர்ந்து தீங்கு செய்தால், ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு என்பது பொதுச் சட்டக் கோட்பாடு. தங்களுக்குள் பங்கு பிரிப்பது அவர்கள் பாடு. இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று மனுவில் கேட்டு, தீர்ப்பிலும் எழுதவைப்பது வழக்கறிஞரின் வேலை. வெறுமனே முப்பதுக்கு எழுபது என்று பிரித்து எழுதப்பட்டு, எழுபதுக்கு உரியவரிடம் காப்பு இல்லாமல் போனால், பயணிக்கு முப்பதோடு கதை முடிந்துவிடும் அபாயம் உண்டு.

மோதிய வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்றாலும் கை விரிக்க வேண்டியதில்லை. மேற்கு மலேசியாவில் இத்தகைய நிலைக்கென மோட்டார் காப்புறுதியாளர் கழகம் ஒன்று 1968 முதல் இருக்கிறது. சந்திக்கும் வழக்கறிஞருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

3. ஒரே வழக்கறிஞர், இரண்டு கட்சிக்காரர்

ஒரு குடும்பம் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் வழியாகத் தீவுக்கு வருகிறது. அண்ணன் ஓட்டுகிறார், தங்கை பின்னால். விபத்துக்குப் பிறகு தெரிந்த ஒருவர் மூலம் ஒரு வழக்கறிஞர் வருகிறார். இருவரும் ஒரே மேசையில் கையெழுத்துப் போடுகிறார்கள். வசதிதான். ஆனால் அண்ணனுக்குத் தன்மேல் பிழையே இல்லை என்று தீர்ப்பு வர வேண்டும். தங்கைக்கோ, யார் பிழை என்றாலும் சரி, இரு ஓட்டுநர்களும் வழக்கில் இருக்க வேண்டும். ஒரே வாய் இந்த இரண்டு வழக்கையும் நேர்மையாகப் பேச முடியாது. வழக்கறிஞர் அண்ணனைத் தாங்கிப்பிடித்து எதிர்க் காரை மட்டும் எதிர்வாதியாக்குவார். எதிர் ஓட்டுநர்மீது பிழை இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தால் தங்கையின் வழக்கு அங்கேயே விழும்.

“அண்ணன் மேலயா கேஸ் போடச் சொல்றீங்க?” என்ற கேள்வி இங்கே எழும். எழத்தான் செய்யும். கணவன் மனைவிக்கிடையே சட்டமே முன்பு இதைத் தடுத்திருந்தது. 1957ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சட்டம் 1994இல் திருத்தப்பட்ட பிறகுதான், உடற்காயத்துக்காக ஒருவர்மீது ஒருவர் வழக்குத் தொடுக்க வழி பிறந்தது. குடும்பத்தின் தயக்கத்துக்குச் சரியான பதில், பத்திரத்தை வாங்கிப் பார்ப்பது. 100 இருந்தால் பணம் கொடுப்பது நிறுவனம். அண்ணன் பெயர் காகிதத்தில் மட்டும். 100 இல்லை என்றால் அண்ணனின் சேமிப்புக்கே ஆபத்து என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, முடிவைத் தங்கையிடம் விட வேண்டும். அவர் அண்ணனை விட்டுவைத்தாலும், எதிர்த்தரப்பே 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளின்படி அண்ணனை மூன்றாம் தரப்பாக வழக்குக்குள் இழுக்கலாம். இதையும் முன்கூட்டியே சொல்பவரே பயணிக்கான வழக்கறிஞர்.

இன்னொரு முரண்பாடு அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. காப்புறுதி நிறுவனங்களுக்கெனப் பட்டியல் வழக்கறிஞர்கள் உண்டு. நீங்கள் அணுகும் அலுவலகம் எதிர்த்தரப்பு நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

4. தரகரும் கட்டணமும்

விபத்து நடந்த இடத்துக்கு இழுவை லாரி வரும் வேகத்தில் ஆலோசகர்களும் வருவார்கள். மருத்துவமனைக் கட்டிலருகே ஒருவர் வெற்றுப் படிவங்களை நீட்டி, “எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்க்கா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க” என்பார். 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம், பணம் கொடுத்துத் தரகர் வழியே வழக்குப் பிடிப்பதை ஒழுங்கீனம் என்கிறது. அப்படி வரும் வழக்கறிஞர் திறமைசாலியாகவும் இருக்கலாம். ஆனால் அவருடைய முதல் கடன் கட்சிக்காரருக்கு அல்ல, தரகருக்கு. பிணக்கு எழும்போது அது தெரியவரும். என் கருத்தில், வழக்கறிஞரின் முகத்தையே பார்க்காமல் போடும் கையெழுத்தைவிட ஆபத்தான கையெழுத்து இந்த வகை வழக்கில் இல்லை.

வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம், கிடைப்பதில் இத்தனை விழுக்காடு என்ற ஏற்பாட்டை அதே சட்டத்தின் 112ஆம் பிரிவு தடைசெய்கிறது. நடைமுறையில் “ஜெயிச்சா கொடுங்க” என்ற பேச்சு காதில் விழாமல் இருக்காது. எழுதிக் கொடுக்க முடியாத வாக்குறுதிக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. ஆகவே கட்டணம் எவ்வளவு, போலீஸ் ஆவணங்களுக்கும் நிபுணர் மருத்துவ அறிக்கைக்கும் ஆகும் செலவை யார் முதலில் போடுவார், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவுத்தொகை யார் தலையில் விழும் என்ற மூன்றுக்கும் கடிதத்தில் பதில் வாங்க வேண்டும். இழப்பீட்டுப் பணம் வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்கில்தான் வந்து சேரும். எதைக் கழித்தார் என்ற விவரக் கணக்கு கேட்பது உரிமை.

5. இழப்பீட்டைக் கணக்கிடத் தெரிந்தவரா?

காயத்துக்கான தொகைக்கு, வழக்கறிஞர் மன்றம் 2018இல் திருத்தி வெளியிட்ட காயவாரித் தொகைத் தொகுப்பை வழக்கறிஞர்கள் கையாளுகிறார்கள். அதைப் பார்த்து ஒரு வீச்சைச் சொல்வது எளிது. வருமான இழப்பில்தான் திறமை தெரியும். 1956ஆம் ஆண்டின் குடியியல் சட்டத்தின் 28ஏ பிரிவு, எத்தனை ஆண்டுக்குக் கணக்கிடுவது என்பதைச் சூத்திரமாகவே தருகிறது. 2019 செப்டம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம், அடிப்படை வயதை 55இலிருந்து 60ஆக உயர்த்தியது. 30 வயதும் அதற்குக் கீழும் என்றால் 16. அதற்கு மேல், 60இலிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். 36 வயதுக்காரருக்குப் பழைய கணக்கில் ஒன்பதரை, இப்போது 12.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஊழியருக்குச் சம்பளச் சீட்டும் சேமநிதிப் பதிவும் உண்டு. வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டவர் என்றால், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பிலும் தனியாக விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டியது வழக்கறிஞரின் கடமை. லெபோ பசாரில் பூக்கட்டி விற்பவரிடம் சீட்டு ஏது? மொத்தக் கடைக்காரரின் சிட்டை, வங்கிப் புத்தகம், பக்கத்துக் கடைக்காரரின் சாட்சியம் என்று அவருடைய வருமானத்தைக் கட்டியெழுப்ப வேண்டும். முதல் சந்திப்பிலேயே இவற்றைக் கேட்பவர் வழக்கு நடத்தியவர். கேட்காதவர் சமரசத் தொகைக்குக் காத்திருப்பவர்.

பயணியின் பங்குப் பிழையும் இங்கே சேரும். பின்னிருக்கைப் பெல்ட் 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975இல் ஃப்ரூம் எதிர் புட்சர் வழக்கில் ஒரு வழிகாட்டுதல் தந்தது: பெல்ட் அணிந்திருந்தால் காயமே பட்டிருக்காது என்றால் 25 விழுக்காடும், குறைந்திருக்கும் என்றால் 15 விழுக்காடும் கழிக்கலாம். குடிபோதையில் இருப்பவர் என்று தெரிந்தே காரில் ஏறியதும் இதே வகைக் கேள்வி. உண்மையை மறைக்கச் சொல்லாமல், அதற்கு ஏற்ப வழக்கை அமைப்பவர் வேண்டும்.

6. காலம்

உடற்காய வழக்குக்கு 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி ஆறு ஆண்டுகள். பயணி இறந்து, அவரைச் சார்ந்தவர்கள் தொடுக்கும் வழக்குக்கு மூன்று. அரசாங்க வாகனம் மோதியிருந்தால் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 36 மாதங்கள். ஆறு என்ற எண்ணை மட்டும் மனத்தில் வைத்திருப்பவரிடம் இவை தவறிப்போகும். இதைவிட நுட்பமானது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 96ஆம் பிரிவு. தீர்ப்புத் தொகையைக் காப்புறுதி நிறுவனத்திடம் வசூலிக்க, வழக்குத் தொடுப்பதற்கு முன்போ, தொடுத்த ஏழு நாளுக்குள்ளோ நிறுவனத்துக்கு அறிவிப்புச் சேர்ந்திருக்க வேண்டும். அறிவிப்பின் நகலை உங்கள் கோப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

7. சரிபார்த்தலும் மாற்றுதலும்

வழக்கறிஞரிடம் அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்பதை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பெயர்ப்பட்டியலில் சில நிமிடங்களில் பார்க்கலாம். பினாங்கு வழக்கறிஞர் குழுவிடமும் விசாரிக்கலாம். நடுவழியில் நம்பிக்கை போய்விட்டால் வேறு வழக்கறிஞரை அமர்த்தச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் பழையவர் தமக்குரிய கட்டணம் தீரும்வரை கோப்பைப் பிடித்து வைக்கும் உரிமை கோரலாம். தொகை அநியாயம் என்று பட்டால், நீதிமன்றப் பதிவாளர் மதிப்பிட வேண்டும் என்று கேட்கலாம். பணம் கணக்கில் வந்தும் கைக்கு வரவில்லை என்றால் முறையிட வேண்டிய இடம் வழக்கறிஞர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை வாரியம். வழக்கறிஞரின் மோசடியால் பணம் இழந்தவர்களுக்கென இழப்பீட்டு நிதி ஒன்றும் அதே 1976 சட்டத்தில் உள்ளது.

குழந்தைப் பயணி என்றால் இன்னும் ஒரு காவல் உண்டு. பெற்றோரும் வழக்கறிஞரும் காப்புறுதி நிறுவனமும் ஒப்புக்கொண்ட சமரசத்துக்கும் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஓட்டியவர் தந்தையாக இருந்தால், குழந்தையின் சார்பில் வழக்கை நடத்துபவராக அவரைப் போடாமல் வேறொருவரைத் தேடச் சொல்வாரா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது.