நீராவி உலகில் ஒரு சிறுமி: ஸ்டீம்பங்க் நாயகி வந்த வழி

ஸ்டீம்பங்க் என்ற பெயர், கே. டபிள்யூ. ஜீட்டர் 1987இல் ‘லோகஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் பிறந்தது. தானும் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் எழுதிவந்த விக்டோரியக் காலக் கற்பனைகளுக்கு ஒரு பொதுப்பெயர் தேடி அவர் அதை முன்வைத்தார். இவ்வகையின் வரலாற்றை அந்தக் கடிதத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் இன்று வாசகரை இந்த நீராவி உலகுக்குள் கைபிடித்து அழைத்துப்போகும் துணிச்சல்காரச் சிறுமியை அங்கே தேடிப் பயனில்லை. அவள் பிரிட்டிஷ் சிறுவர் இலக்கியத்தின் வழியாக, பெயருக்கு முன்பே வந்தவள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைகளில் எந்திரம் ஆண்பிள்ளைகளின் சொத்து. 1868இல் அமெரிக்காவில் வெளியான எட்வர்ட் எல்லிஸின் மலிவுப் பதிப்பு நாவலில், ஜானி பிரெய்னர்ட் என்ற பையன் பத்தடி உயர நீராவி மனிதனைச் செய்து, அதை வண்டியில் பூட்டிப் புல்வெளிகளில் ஓட்டுகிறான்.

இதை மாற்றியவர் ஜோன் எய்க்கன். 1962இல் ‘தி வுல்வ்ஸ் ஆஃப் வில்லோபி சேஸ்’ நாவலில், வரலாற்றில் அரியணை ஏறாத மூன்றாம் ஜேம்ஸ் ஆளும் ஓர் இங்கிலாந்தை அவர் படைத்தார். 1964இல் அந்த உலகுக்குள் டைடோ ட்வைட் நுழைந்தாள்: லண்டன் சந்துகளில் வளர்ந்த பெண், அழுக்கு உடை, வாய்த்துடுக்கு, எதற்கும் பின்வாங்காத மனம். 1966இல் வந்த நாவலில் நான்டக்கெட் தீவில் ராட்சதப் பீரங்கி ஒன்று தயாராகிறது; அட்லான்டிக் கடலைத் தாண்டிச் சுட்டு லண்டனில் இருக்கும் அரசரைக் கொல்வது சதிகாரர்களின் திட்டம். டைடோ அதற்குக் குறுக்கே நிற்கிறாள். எல்லிஸின் பையன் எந்திரத்தைப் பார்த்து வியக்க வைத்தான். அது யார்மீது பாயப்போகிறது என்று கேட்க வைத்தவள் இவள். என் கணிப்பில் இவ்வகையின் பெரும் திருப்பம் இதுதான்.

பிலிப் புல்மனின் லைரா (‘நார்தர்ன் லைட்ஸ்’, 1995) அடுத்த படி. பெண்களுக்கு அனுமதியே இல்லாத ஆக்ஸ்போர்டு ஓய்வறைக்குள் புகுந்து, நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்து, மதுவில் நஞ்சு கலப்பதை அவள் பார்ப்பதிலிருந்து கதை சூடுபிடிக்கிறது. பின்னர் அவள் கைக்கு வரும் அலெதியோமீட்டரில் முப்பத்தாறு சின்னங்கள். மூன்று முட்களை அவள் திருப்பி வைக்க, நான்காவது தானாகச் சுழன்று பதில் சொல்கிறது. அறிஞர்கள் நூல்களைப் புரட்டித் தடுமாறும் கருவியை அவள் எந்த நூலும் இன்றி உள்ளுணர்வால் வாசிக்கிறாள். அந்தப் பக்கங்களில் வாசகருக்கு ஏற்படும் பூரிப்புக்கு இணை சொல்வது கடினம்: கதவடைத்த அறிவு, யாருக்கு மறுக்கப்பட்டதோ அவளிடமே வாய் திறக்கிறது.

ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் ‘லெவையதன்’ (2009) இந்த மரபை முதல் உலகப்போருக்குக் கொண்டுபோகிறது. பதினைந்து வயது டெரின் ஷார்ப், டிலன் என்ற பையனாக வேடமிட்டு பிரிட்டிஷ் வான்படையில் சேர்கிறாள். அவள் பணியாற்றும் வான்கப்பல் உயிருள்ள ராட்சதப் பிராணி. எதிரணியிடமோ இரும்புக் கால்களால் நடக்கும் போர் எந்திரங்கள். விண்ணில் மிதப்பதில் அவளுக்குள்ள ஆனந்தமும், வேடம் கலைந்தால் வானத்தையே இழப்போம் என்ற பயமும் ஒவ்வொரு காட்சியிலும் சேர்ந்தே ஓடுகின்றன. பறக்க அவளுக்குத் திறமை போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை; பெண் என்பது தெரிந்தால் போதும், இறக்கிவிடுவார்கள். இந்த அநீதியைச் சொற்பொழிவு இன்றி உணரவைப்பதால்தான் இந்நாவலை இளைஞர்களுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

இந்த வரிசைக்கு வெளியே, நம் பக்கத்தில் ஒரு முன்னோடி உண்டு. வங்காளத்தின் ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’, 1905இல் சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் வெளிவந்தது. அதில் பதின்மூன்று வயதில் அரியணை ஏறிய ராணி அறிவியலை நேசிக்கிறாள். பெண்களின் பல்கலைக்கழகங்கள் மேகத்திலிருந்து நீரெடுக்கின்றன, சூரிய வெப்பத்தைச் சேமித்துப் படையெடுத்தவர்களை விரட்டுகின்றன. மேலே சொன்ன நாவல்களுக்கு இதுவே மூலம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் டெரினுக்குத் தேவைப்பட்ட ஆண்வேடம் அந்த நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் தேவைப்படவில்லை. பர்தாவுக்குள் இருப்பவர்கள் அங்கே ஆண்கள்.