விமான உணவுத் தொழில் (மலேசியா)

விமானப் பயணிகள் உண்ணும் உணவைத் தரையில் சமைத்துக் குளிரூட்டி விமானத்தில் ஏற்றித் தரும் தொழில் இது. மலேசியாவில் இதன் மையம் சிப்பாங். சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்ததானாலும், நெகிரி செம்பிலானின் நீலாய், லாபு தோட்டப்புறங்களுக்கு அண்டையூர். அங்கிருந்த செம்பனைக் காடுகளை அழித்துக் கட்டிய கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. தோட்ட வேலை சுருங்கிவந்த காலம் அது. விமான நிலையமும் நீலாய்த் தொழிற்பேட்டைகளும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கிடைக்கும் இடங்களாயின.

உலகில் முதன்முதலாக விமானத்தில் உணவு விற்றது 1919 அக்டோபரில், லண்டன்–பாரிஸ் வழித்தடத்தில். ஆளுக்கொரு பெட்டிச் சாப்பாடு, விலை மூன்று ஷில்லிங். மலாயாவில் 1947இல் பறக்கத் தொடங்கிய மலாயன் ஏர்வேஸின் சிறு விமானங்களில் கிடைத்தது குடுவையில் நிரப்பிய குளிர்ந்த நீர் மட்டுமே. 1972இல் மலேசிய–சிங்கப்பூர் கூட்டு விமான நிறுவனம் இரண்டாகப் பிரிந்தபோது உணவுத் தொழிலும் பிரிந்தது. சிங்கப்பூரில் சாட்ஸ் நிறுவனம் உருவாயிற்று. மலேசியத் தேசிய விமான நிறுவனமோ (இன்றைய மலேசிய ஏர்லைன்ஸ்) தன் சமையற்கூடத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அதன் உயர்வகுப்புகளில் பரிமாறிய சாத்தே இன்றும் அந்நிறுவனத்தின் அடையாளம்.

சமைத்த உணவைச் சில மணி நேரத்துக்குள் 5 பாகைக்கும் கீழே குளிரவைக்க வேண்டும். பிறகு தட்டில் அடுக்கி, தள்ளுவண்டியில் பூட்டி, தூக்கு லாரி மூலம் விமானத்தின் கதவுக்கே உயர்த்துகிறார்கள். வானில் நடப்பது சூடாக்குவது மட்டுமே. விமான அறைக் காற்றின் வறட்சியிலும் குறைந்த அழுத்தத்திலும் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மங்கிவிடும். சம்பல், ரெண்டாங், கறிக்குழம்பு போன்ற மசாலா உணவுகள் அங்கேயும் சோபிப்பதற்குக் காரணம் இதுவே. மலேசியாவில் இவற்றோடு ஹலால் சான்றிதழும் நடைமுறையில் தேவை. சைவ உணவு வேண்டும் பயணி முன்கூட்டியே சொல்லிவைப்பது வழக்கம்.

இப்படியொரு கூடம் விமான நிலையத்தை ஒட்டியே இருந்தாக வேண்டும், முதலீடும் பெரிது. அதனால் போட்டியாளர்கள் எப்போதும் சிலரே. நாட்டின் பெரிய விமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் யாரிடம் என்பதே போட்டியின் முழுப் பொருள். 2003இல் மலேசிய ஏர்லைன்ஸ் தன் உணவுப் பிரிவின் பெரும்பங்கை விற்றது. அது ஜெர்மனியின் எல்எஸ்ஜி ஸ்கை செஃப்ஸும் பிராகிம்ஸ் தரப்பும் கூட்டாக நடத்தும் நிறுவனமாயிற்று; 25 ஆண்டு ஒப்பந்தமும் அதற்குக் கிடைத்தது. பிராகிம்ஸை நிறுவிய இப்ராகிம் அகமது படாவி, அவ்வாண்டு இறுதியில் பிரதமரான அப்துல்லா அகமது படாவியின் தம்பி. அதனால் இந்த ஒப்பந்தம் அரசியல் விவாதத்திலும் நெடுநாள் அடிபட்டது. இத்தனை நீண்ட ஒப்பந்தம் போட்டிக்கு இடம் வைக்கவில்லை என்பது நியாயமான குறை.

உண்மையான போட்டி வேறு திசையிலிருந்து வந்தது. 2001இல் ஒரு ரிங்கிட்டுக்குக் கைமாறிய ஏர் ஆசியா, உணவைக் கட்டணத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்றது. இலவசத் தட்டுக்குப் பழகியவர்களுக்கு இது முதலில் கசந்தது. ஆனால் காசு கொடுத்து வாங்குவது சுவையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் அங்கேதான் பிறந்தது. பாக் நாசர் நாசி லெமாக் அப்படிப் புகழ்பெற்றது. ஏர் ஆசியாவின் சந்தான் என்னும் உணவு வணிகப்பெயர் 2019 டிசம்பரில் கோலாலம்பூர் மிட் வேலி பேரங்காடியில் உணவகமாகவும் உருவெடுத்தது.

எம்எச்370, எம்எச்17 ஆகிய இரு விமானங்களின் பேரிழப்புகளுக்குப் பின் மலேசிய ஏர்லைன்ஸ் 2015இல் மறுசீரமைக்கப்பட்டது. ஏறத்தாழ 6,000 வேலைகள் போயின. பழைய உணவு ஒப்பந்தமும் மறுபேச்சுக்கு வந்தது. அதே ஆண்டு சாட்ஸ் பிராகிம்ஸின் விமான உணவுத் தொழிலில் 49 விழுக்காட்டுப் பங்கை வாங்க முன்வந்தது. 1972இல் பிரிந்தவற்றில் ஒரு கிளை மறுகிளையின் அடுப்படிக்குள் பங்காளியாக நுழைந்தது இவ்வாறு. இந்தக் கைமாற்றங்கள் எல்லாவற்றிலும் பதிவானவை முதலாளிகளின் பெயர்கள். அடுப்படியிலும் தட்டு கழுவும் வரிசையிலும் நின்றவர்களின் பணி வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

புதிய நிபந்தனைகளில் உடன்பாடு எட்டாமல் பிராகிம்ஸ் ஒப்பந்தம் 2023 ஆகஸ்ட் 31இல் முடிந்தது. மறுநாள் முதல் மலேசிய ஏர்லைன்ஸ் போஸ் ஏவியேஷன் நிறுவனம் உள்ளிட்டோரின் துணையுடன் மாற்று ஏற்பாட்டைத் தொடங்கியது. சிறிது காலம் பயணிகளுக்குக் கிடைத்தவை எளிய பொட்டல உணவுகளே.