செந்தூல்: பட்டறை ஈன்ற ஊர்

செந்தூல் என்னும் பெயர் தமிழ்ச் செவிக்குத் தமிழ்ச் சொல்லாகவே ஒலிக்கும். எனினும் அது மலாய் மக்கள் ஒரு பழமரத்திற்கு இட்ட பெயராகும். கோலாலம்பூரின் வடபுறத்தே அமைந்த இவ்வூர் ஈய லம்பத்தாலோ சந்தையாலோ பெயர் பெற்றதன்று. இரயில்வே பட்டறையே இதனை ஊராக்கிற்று.

1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரையும் கிள்ளானையும் நோக்கிய முதல் இருப்புப் பாதை திறக்கப்பட்டபொழுது அதன் சரக்கு ஈயமே. 1901இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் இரயில்வே ஒரே நிர்வாகமாயிற்று. அதற்கெனப் பெரியதொரு மத்தியப் பட்டறை தேவைப்படவே, 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் செந்தூலில் அது எழுந்தது. நீராவி இயந்திரங்களைப் பிரித்துப் பழுது நீக்குதல், பெட்டிகளைக் கட்டுதல், வார்ப்பு வேலை, கொல்லுலை வேலை எனப் பல தொழில்களும் ஒரே வளாகத்தில் நடைபெற்றன. உலை வெக்கையில் உழைத்தோரில் தமிழகத்துத் தொழிலாளர் பெருந்தொகையினர். யாழ்ப்பாணத் தமிழரோ எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் இரயில்வேயில் அமர்ந்தனர். ஒரே மொழியினராயினும் இரு சாராரின் குடியிருப்பும் சம்பளமும் வேறு வேறு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பட்டறைக்குச் சற்று முன்னரே, 1902இல், நகரத்தார் பெருமக்கள் ஈப்போ சாலையில் தண்டாயுதபாணி ஆலயத்தை நிறுவியிருந்தனர். கடல் கடந்து வந்த கூலிக்காரனுக்கு முருகன் சந்நிதியே தாய்வீடாயிற்று. பத்துமலைக்குச் செல்லும் கிளைப் பாதையும் செந்தூல் வழியாகவே சென்றது.

ஜப்பானியர் ஆட்சியில் இப்பட்டறை போர்த் தேவைக்கு உழைத்தமையால், 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க பி-29 விமானங்கள் குண்டு வீசிக் கட்டடங்களை நாசமாக்கின. அவை வங்காளத்துக் கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்து பறந்து வந்தவை. கரக்பூரும் ஓர் இரயில்வே பட்டறை நகரமே! போருக்குப் பின் பட்டறை மீண்டும் எழுந்தது. 1962 டிசம்பரில், நாட்கூலியினரை மாதச் சம்பளக்காரர் ஆக்க வேண்டுமென்று மலாயா இரயில்வே தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் மூன்று வாரங்கள் நீடித்தது. நாட்கூலிக்காரனுக்கு விடுமுறை நாள் என்பது பட்டினி நாளே என்பதை அறிந்தோர், அக்கோரிக்கையின் நியாயத்தை உணர்வர்.

குவாட்டர்ஸ் வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. ஓய்வு பெற்றவர் அதனைக் காலி செய்தாக வேண்டும். தந்தையும் மகனும் ஒரே பட்டறையில் உழைத்த குடும்பங்களுக்கும் சொந்த மண் இல்லாதிருந்தமைக்கு இதுவே முதற் காரணம் எனலாம். நகர வளர்ச்சித் திட்டங்கள் வந்தபொழுது பலர் வெளியேறிப் புறநகர்களில் குடியேறினர்.

1992இல் இரயில்வே நிறுவனமயமாக்கப்பட்டது. 1995இல் மின்சாரக் கொமுட்டர் ஓடத் தொடங்கியது. 2005இல் பழைய இரயில்வே கட்டடமொன்று கோலாலம்பூர் நிகழ்கலை மையமாகத் திறக்கப்பட்டது. பின்னர்ப் பட்டறைப் பணிகளே பேராக்கின் பத்து காஜாவுக்குச் சென்றுவிட்டன. 2010இல் கொமுட்டர் சேவை செந்தூலைக் கடந்து பத்துமலை வரை நீண்டது. வெளியூர்களில் வாழும் பழைய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தைப்பூசத்தன்று அந்தப் பாதையிலேயே, தாத்தாவின் பட்டறை இருந்த இடத்தைக் கடந்து, முருகனிடம் செல்கின்றனர்.